கரண்ட் இருக்கும் வரை அழும் பெண்

என் உயிருக்கு உயிரான மச்சான் நடராசாவுக்கு,

இதை என் கையால் நானே எழுதுகிறேன். செல்லத்துரைதான். யாரிடமும் சொல்லி எழுதுவிக்கவில்லை. உன் ஸ்ரூடியோவில் நீ படங்களை உறையில் போட்டுப் பெயர் எழுதித் தருவாய். நான் உறையைத் திறந்து உள்ளே இருக்கிற முகத்தைப் பார்த்துத்தான் எந்த வீட்டுக்கு என்று கண்டுபிடிப்பேன். இப்போது பெயரையே வாசிக்கிறேன், மச்சான். கடைப் பலகை, சீமெந்துப் பை, பஸ்ஸின் நெற்றி, எதையும் விடுவதில்லை. கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் பஸ் போய்விடும். ஆனாலும் அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்.

விசுவமடு வாசிகசாலையில் பெரியவர்களுக்குப் பின்னேர வகுப்பு நடக்கிறது. படிப்பிக்கிற ரீச்சர் ஆளுக்கொரு கடிதம் எழுதச் சொன்னார். சுவரில் ஒட்டப்போகிறாராம். ஊரே வாசிக்கும். வாசிக்கட்டும். மற்றவர்கள் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு எழுதுகிறார்கள். நான் உனக்கு எழுதப்போகிறேன் என்றதும் உன் தங்கச்சி பூமணி அடுப்படியில் நின்றபடியே கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, முத்திரையை எங்கை ஒட்டப்போறியள்? உங்கடை நெத்தியிலையோ?"

அவள் அப்படித்தான். நீ அங்கே எப்படி இருக்கிறாய்? வெளிச்சம் நல்லதா? யாரையாவது "கொஞ்சம் நாடியை உயர்த்துங்கோ" என்று கரைச்சல் படுத்துகிறாயா?

இங்கே நீ கண்ணை மூடிய பிறகு நிறைய மாறிவிட்டது. சண்டை நின்று வவுனியாப் பாதை திறந்தே இருக்கிறது. பிலிம் ரோலை வவுனியாவுக்குக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் வழி பார்க்கிற வேலை இல்லை. பற்றறி ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. ஆமி பற்றறி கொண்டுவர விடாத அந்தக் காலத்தில், உன் பிளாஷ் அலுமாரிக்குள் படுத்திருக்க, நான் வெயிலில் நின்று வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து, வெளிச்சத்தைப் பந்தலுக்குள் திருப்பி ஆட்களின் முகத்தில் விழுத்துவேனே. "இன்னும் கொஞ்சம் சரிச்சுப் பிடி மச்சான், மூக்கில நிழல் விழுது" என்பாய். கை உளையும். ஊரில் என்னை வேட்டி பிடிக்கிறவர் என்றுதானே சொன்னார்கள்? அந்தப் பெயரில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

உன் மகள் யசோ ஸ்ரூடியோவை நன்றாக நடத்துகிறாள். தாயும் முன்னமே போய்விட்டதால், சாப்பாடு படுக்கை எல்லாம் பக்கத்தில் எங்கள் வீட்டில்தான். ஓமந்தைச் சோதனைச் சாவடியால் ஒரு கொம்பியூட்டரைப் படுக்கைவிரிப்பில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையைக் கொண்டுவருவது மாதிரி. பிறந்தநாள் படங்களுக்குச் சுற்றிவர ரோசாப்பூ வைக்கிறாள். நீ பார்த்தால் திட்டுவாய். எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது ரோசாப்பூவைப் பற்றி அல்ல. அந்தக் கொம்பியூட்டரோடு வந்த ஒரு விளையாட்டைப் பற்றி. இதை எழுதும்போதே எனக்கு அருவருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் அருவருக்கும்.

ஒரு பின்னேரம் ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. வாடிக்கைக்காரர் யாரும் இல்லை. யசோ கூப்பிட்டாள்.

"மாமா, இது படம் எடுக்கிற விளையாட்டு. கதையும் இருக்கு. வந்து கதிரையில இருங்கோ. உங்களுக்குப் பிடிக்கும்."

மவுஸை என் கைக்குள் வைத்தாள். பேனை பிடிக்கப் பழகிய கைக்கு இதென்ன பெரிய வேலை என்று நானும் உசாராக இருந்தேன். இங்கிலீசில் வருவதை அவள் வாசித்துச் சொல்ல, நான் நகர்த்தினேன்.

முதலில் கடல். சத்தியமாகச் சொல்கிறேன், வாயைப் பிளந்துவிட்டேன். தண்ணீர் அசைகிறது. சூரியன் பட்டு மினுங்குகிறது. ஒரு படகு வந்து இறங்குதுறையில் நிற்க, ஒரு பெட்டை இறங்குகிறாள். அவளுடைய தகப்பன் அந்தக் கடற்கரை ஊரில் படம் எடுத்தவராம். செத்துப்போனாராம். அவருடைய கமராவை எடுத்துக்கொண்டு, அவர் எடுக்காமல் விட்ட படங்களை எடுத்து முடிக்க வந்திருக்கிறாளாம். யசோ இதைத் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். இத்தனை விளையாட்டுக்குள் இவள் ஏன் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது.

மரக்குற்றியில் ஒரு கடற்பறவை இருந்தது. "அதை எடுங்கோ" என்றாள். பட்டனை அமத்தினேன். டக் என்று சத்தம். உன் கமராவின் அதே சத்தம், மச்சான்! உன்னோடு இத்தனை காலம் திரிந்தும் நான் ஒரு படம் எடுத்ததில்லை. என் முதல் படம் ஒரு இல்லாத ஊரின் இல்லாத பறவை. நன்றாக எடுத்தால் கீழே நட்சத்திரம் விழும். எனக்கு ஒரு நட்சத்திரம் விழுந்தது. பூமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பறவையின்ரை தலை எங்கை?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அதுவரைக்கும் சந்தோசம். பிறகுதான் தொடங்கியது அரியண்டம்.

பெட்டை நேரே ஒரு வீட்டுக்குப் போகிறாள். வாசலில் நின்று "வீட்டுக்காரர்!" என்று ஒரு சத்தம் கொடுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே. காலில் சப்பாத்து.

"பிள்ளை, சப்பாத்தைக் கழட்டச் சொல்லு."

"அதுக்குப் பட்டன் இல்லை மாமா."

சப்பாத்தோடு குசினிக்குள் போனாள். அடுப்பில் கேத்தில் கொதிக்கிறது. அதை ஒரு படம். லாச்சியை இழுத்துத் திறந்து யாரோ யாருக்கோ எழுதிய கடிதத்தை எடுத்து வாசிக்கிறாள். அதையும் ஒரு படம். கதிரையில் ஒரு கிழவன் குடித்துவிட்டு வாயைத் திறந்தபடி நித்திரை. அவனுக்குக் கிட்டப் போய் ஒரு படம். அவன் எழும்பி "ஆர் நீ?" என்று கேட்கவில்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. அந்த ஊரில் ஒருவரும் அவளைப் பார்த்து, "இருங்கோ, தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கும் கொஞ்சம் வெட்கம் வந்திருக்குமோ என்னவோ.

"உதென்ன பிள்ளை, கள்ளர் விளையாட்டோ?"

யசோ சிரித்தாள். "பொறுங்கோ மாமா, இனித்தான் கதை."

அடுத்த அறையில் ஒரு கட்டில். கட்டிலில் வெள்ளைத் துணி மூடிய ஒருவர். பக்கத்தில் ஒரு பெண் நிலத்தில் இருந்து அழுகிறாள். தோள் குலுங்குகிறது. முகத்தைக் கையால் பொத்துகிறாள், எடுக்கிறாள், பொத்துகிறாள். அவளைச் சுற்றி ஒரு வட்டம் வந்து மினுங்கியது. இங்கே எடு என்று அர்த்தமாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மவுஸை வைத்துவிட்டு எழும்பினேன். தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றேன். நான் யோசித்துச் செய்யவில்லை, மச்சான். உன்னோடு செத்தவீடுகளுக்குப் போய்ப் போய் உடம்பு பழகிய பழக்கம். நீ உள்ளே போவாய், கமராவைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "அழுது முடியுங்கோ, நான் நிக்கிறன்" என்பாய். வேலியடியில் போய்ச் சுருட்டைப் பற்றவைப்பாய். பெண்கள் ஒப்பாரி சொல்லி ஓய்ந்து, முகம் கழுவி, கொண்டை கட்டி வந்த பிறகுதான் பெட்டியைச் சற்றுச் சரித்து வைத்து, பின்னால் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி அந்த ஒரு படத்தை எடுப்பாய். வெளிநாட்டுக்குப் போகிற படம். அழுகிற முகத்தை நீ எடுத்ததே இல்லை.

அதனால் நானும் நின்றேன். அழுது முடியட்டும்.

அவள் முடிக்கிற மாதிரி இல்லை.

பூமணி தேத்தண்ணியோடு வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு நின்றாள். "என்னப்பா, ஆர் செத்தது? சால்வையும் கட்டிக்கொண்டு நிக்கிறியள்?"

யசோவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மாமா, அவா நிப்பாட்டமாட்டா. அப்பிடித்தான் செய்து வைச்சிருக்கினம். நீங்கள் படம் எடுக்குமட்டும் அழுவா."

"எடுக்காட்டில்?"

"கரண்ட் இருக்கும் வரைக்கும் அழுவா."

யாரோ ஒருவன் எங்கேயோ கதிரையில் இருந்து யோசித்துச் செய்திருக்கிறான். ஒரு பெண்ணைச் செய்து, அவளுக்கு ஒரு பிணத்தையும் செய்து கொடுத்து, ஒரு மூச்சு ஆறுதலும் கொடுக்காமல் விட்டிருக்கிறான். ஆரோ வந்து அமத்தும் வரைக்கும் அவள் அழுதுகொண்டே இருக்க வேண்டும். என்ன மனது அது?

யசோ மவுஸை எடுத்தாள். தூர நின்று எடுத்தாள், ஒரு நட்சத்திரம். கிட்டப் போனாள், இரண்டு. இன்னும் கிட்ட, கண்ணீர் வழிகிற கன்னம் மட்டும் திரை முழுக்க. மூன்று நட்சத்திரம் விழுந்து, இனிமையான ஒரு பாட்டுப் போட்டு, மேல்மாடிக் கதவு திறந்தது.

"சீ!" என்றேன். தேத்தண்ணியை வைத்துவிட்டேன். "மனிசர் விளையாடுற விளையாட்டோ இது? அந்த மனிசியிட்டை ஒரு சொல்லுக் கேட்டவளோ? கேக்கிற பட்டன் எங்கை?"

யசோ நல்ல பிள்ளை. உண்மையாகவே தேடினாள். நடக்க ஒன்று, ஓட ஒன்று, திறக்க ஒன்று, எடுக்க ஒன்று, எடுத்த படத்தைப் பார்க்க ஒன்று. கேட்கிறதுக்கு ஒன்றும் இல்லை.

"இது விளையாட்டுத்தானே மாமா" என்றாள். பிறகு, திரும்பிப் பார்க்காமல், சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "ஆனா படம் நல்ல படம். இனி நானும் செத்தவீட்டில கிட்டப் போய்த்தான் எடுக்கப்போறன். வெளியில இருக்கிற சனம் அதைத்தான் கேக்கினம். அப்பா எடுத்ததெல்லாம் ஒரே படம். ஆக்கள் மாறுவினம், பெட்டி மாறும், நிக்கிற நிலை ஒண்டுதான்."

"கொப்பர் மரியாதைக்கு எடுத்தவர்."

"மரியாதையில ஒரு முகமும் தெரியேல்லை மாமா."

"அப்பிடியெண்டால் நான் வேட்டி பிடிக்க வரமாட்டன்."

"பற்றறி வந்திட்டுது தானே. வேட்டி தேவைப்படாது."

சொன்ன பிறகு அவளுக்கே முகம் ஒருமாதிரிப் போய்விட்டது. நான் சால்வையை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். உன் மகள் அந்த விளையாட்டுப் பெட்டை மாதிரி ஆகிவிடுவாளோ என்று பயந்தேன், மச்சான். சப்பாத்தோடு ஆட்களின் துக்கத்துக்குள் நடக்கிறவளாக. அப்படி ஆனால் உனக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அடுத்த நாள் காலை, பாக்கியமக்காவின் புருசன் சின்னத்தம்பி அண்ணை காலமாகிவிட்டார் என்று செய்தி வந்தது. உனக்குத் தெரியும், குளத்து வாய்க்கால் பக்கத்து வீடு. நெடுநாள் வருத்தம். ஒரே மகன் சுவிஸில். அங்கே அவனுடைய அகதிக் கேஸ் முடியவில்லை, வர முடியாது. போனில் யசோவிடம் சொல்லியிருக்கிறான். "எல்லாத்தையும் எடுத்து அனுப்புங்கோ அக்கா, ஒண்டும் விடாதேங்கோ."

நான் செத்தவீட்டுக்குத்தான் போனேன், வேலைக்கு அல்ல. ஆனால் வேட்டியை மடித்துக் கக்கத்துக்குள் வைத்திருந்தேன். யசோ கண்டாள்.

பறை அடிக்கத் தொடங்கியதும் பெண்கள் குரல் எடுத்தார்கள். பாக்கியமக்கா பெட்டியின் தலைமாட்டில் இருந்தார். அப்படி ஒரு அழுகையை நான் எத்தனையோ வேலியடியில் நின்று கேட்டிருக்கிறேன். கிட்ட நின்று பார்த்ததில்லை. யசோ பந்தலுக்குள் போனாள். கமராவைக் கண்ணுக்கு உயர்த்தினாள். பாக்கியமக்காவைச் சுற்றி அந்த வட்டம் மினுங்குவது எனக்குத் தெரிந்தது. ஒரு அடி கிட்டப் போனாள். இன்னும் ஒரு அடி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டக் என்ற சத்தம் எப்போது வரும் என்று காது காத்திருந்தது.

வரவில்லை.

திரும்பிப் பார்த்தால், கமரா மடியில் கிடக்கிறது. உன் மகள் நிலத்தில் குந்தியிருந்து பாக்கியமக்காவின் காதுக்குள் ஏதோ கேட்கிறாள். கேட்டது பறைச் சத்தத்தில் எனக்கு விளங்கவில்லை. பதில் விளங்கியது. பாக்கியமக்கா அழுகையை நிறுத்தவில்லை, அழுகைக்குள்ளாலேயே சொன்னார்.

"எடு பிள்ளை. இப்ப எடு. பிறகு முகத்தைக் கழுவிப்போட்டு வரிசையில நிக்கேக்கை நான் கல்லு மாதிரித்தான் நிப்பன். அதைப் பாத்துப்போட்டு அவன், அம்மா தாங்கியிட்டா எண்டு நினைச்சிடுவான். கேஸ் முடிஞ்சாலும் வரமாட்டான். நான் தாங்கேல்லை எண்டு அவன் பாக்கோணும். எடு."

யசோ பிளாஷைப் போடப் போனாள். நான் கையைக் காட்டி வேண்டாம் என்றேன். அழுகிற கண்ணில் அதை அடிக்கக் கூடாது. பந்தலுக்கு வெளியே வெயிலில் போய் நின்று வேட்டியை விரித்தேன். வெளிச்சம் மெல்ல உள்ளே போய்ப் பாக்கியமக்காவின் முகத்தில் விழுந்தது. யசோ என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் சரிச்சுப் பிடியுங்கோ மாமா. மூக்கில நிழல் விழுது."

வேட்டியைச் சரித்துப் பிடித்தேன்.

பிறகு ஊர் முறைப்படி எல்லாரும் வரிசையில் நின்றார்கள். அந்தப் படத்தையும் எடுத்தாள். பாக்கியமக்கா சொன்னபடியே கல்லு மாதிரி நின்றார். ஒரே மனிசி, ஒரே நாள், இரண்டு படம். அந்தக் கல்லை மட்டுந்தானே, மச்சான், நீயும் நானும் இவ்வளவு காலமும் வெளிநாட்டுக்கு அனுப்பினோம்? காத்து நின்றோம், சரி. அது பெரிய மரியாதை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் யாரையாவது ஒருநாள் குந்தியிருந்து கேட்டோமா? நீ இருந்திருந்தால் இதற்கு ஏதாவது சொல்லி என்னை மடக்கியிருப்பாய். என்ன சொல்லியிருப்பாய்?

வீட்டுக்கு வருகிற வழியில் யசோ சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு நடந்தாள்.

"அப்பாவின்ரை செத்தவீட்டில மட்டும் ஒரு படமும் இல்லை மாமா. நான் அழுதனானோ, கல்லு மாதிரி நிண்டனானோ எண்டு எனக்கே தெரியாது."

"எடுக்கிறவர் பெட்டிக்குள்ளை. பிறகு ஆர் எடுக்கிறது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நடு ரோட்டில் இரண்டு பேரும் சிரித்தோம். எதிரே வந்த உழவு இயந்திரக்காரர் செத்தவீட்டால் வருகிறவர்கள் சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனார்.

"நீ அழுதனி" என்றேன். "நான் பாத்தனான்."

அந்த விளையாட்டின் மேல் எனக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. போகவும் விடமாட்டேன். யசோ தனிய இருந்து மேல்மாடிக்கும் அப்பாலும் போய்விட்டாள். கதை நல்லதாம். இருக்கட்டும். நான் என் கையால் ஒருமுறை தொடக்கத்திலிருந்து விளையாடினேன். கடலைப் பார்த்தேன். பறவையைத் தலையோடு எடுத்தேன். அந்த வீட்டு வாசல் வந்ததும் நிறுத்திவிட்டேன். உள்ளே போனால் அவள் அழத் தொடங்குவாள். போகாவிட்டால் அவள் அழவேண்டியதில்லை அல்லவா? அவளுக்காக என்னால் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

இனி உனக்கு என் வாக்கு. என் கை உயர்கிற வரைக்கும் உன் மகளுக்கு வேட்டி பிடிப்பேன். யாரையும் கேட்காமல் அவள் கமராவை உயர்த்தினால் வேட்டியை மடித்துவிடுவேன், எந்த வீடாக இருந்தாலும்.

இன்னொன்று. எனக்கும் ஒருநாள் வரும். அன்றைக்கு யசோ குந்தியிருந்து காதுக்குள் கேட்டாலும் என்னால் பதில் சொல்ல முடியாது. ஆகவே இப்போதே, எல்லாரும் வாசிக்கிற சுவரில், என் சொந்தக் கையெழுத்தில் எழுதிவைக்கிறேன். பிள்ளை யசோ, என்னை எப்படி வேண்டுமென்றாலும் எடு. பூமணி மாமியை மட்டும் கேட்டுவிட்டு எடு. இதை உன் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன், மச்சான். "நான் ஏன் அழப்போறன்? நீங்கள் போனால் எனக்கு ஒரு தேத்தண்ணி மிச்சம்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை. இங்கே இருந்தபடியே, "பூமணி, வரட்டே?" என்று கேட்டேன்.

உன் தங்கச்சியின் புருசன்,
உனக்கு வேட்டி பிடித்த மச்சான்,
செல்லத்துரை